காக்கா வராத அமாவாசை

இந்தப் பக்கம் தள்ளி உக்காரும்மா, அந்த ஜன்னல் ஓரம் வெயிலு. பைய என் கால்கிட்ட வச்சுக்கோ. சங்கரன்கோயிலா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போகலாம். பஸ்ல வாய மூடிக்கிட்டு வந்தா எனக்கு வாந்தி வரும். சும்மா சொல்லல, நெசமாவே வரும்.

இந்த மஞ்சப் பையா? எங்க வீட்டுக்காரரோட சுகர் மாத்திரை. ராஜபாளையத்துல டாக்டரப் பாத்து வாங்கிட்டு வாரேன். அடியில ஒரு ரகசியம் இருக்கு, அத அப்புறம் சொல்லுதேன். நாளைக்கு அமாவாசையில்லா, அதுக்குள்ள ஒரு ஏற்பாடு பண்ணணும்.

எங்க வீட்டுக்காரரு பேரு குத்தாலலிங்கம். மில்லுல ஃபிட்டரா இருந்து ரிட்டையரானவுக. பதினஞ்சு வருஷமா சுகர். ஊருல மத்த பொம்பளைங்க புருஷனுக்கு மாத்திரை குடுக்க லட்சணத்தப் பாத்திருக்கியா? ஒரு நாள் குடுப்பா, ஒரு நாள் மறப்பா, மூணாம் நாள் ரெண்டாக் குடுப்பா. நான் அப்படி இல்ல. காலையில எட்டு மணிக்கு மில்லு சங்கு ஊதும். சங்குச் சத்தம் அடங்கறதுக்குள்ள மாத்திரை அவுக நாக்குல இருக்கும். எட்டரைக்கு இட்லி. ஒரு நாள் தவறினதில்ல. எங்க மாமனார் செத்த அன்னைக்குக்கூட, வாசல்ல பாடை கட்டிக்கிட்டு இருக்காக, நான் தண்ணிச் செம்போட அவுக பக்கத்துல நிக்கேன். இழவுக்கு வந்தவுக எல்லாரும் என்னத்தான் பாத்தாக. அப்படி ஒரு பொறுப்பு.

முதல்ல எல்லாம் ஒரே ஒரு மாத்திரைதான், வெள்ளை. அரசு ஆஸ்பத்திரியில மாசாமாசம் சும்மா குடுப்பாக. போன வருஷம் ஆடி மாசம் அவுகளுக்குக் கால் விரல் மதமதன்னு இருக்குன்னாக. செருப்பு கழண்டு விழுந்தது தெரியாம தெரு முக்கு வரைக்கும் நடந்து போயிருக்காக. எனக்குப் பயமாப் போச்சு. ராஜபாளையத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்த டாக்டர் பச்சை மாத்திரை எழுதினாரு, நீளமா, பாக்கவே அழகா இருக்கும். இப்ப வேற என்ன மாத்திரை போடுதாருன்னு கேட்டாரு. ஒண்ணுமில்லைன்னுட்டேன்.

ஏம்மா முழிக்கே? புதுசா சம்பந்தம் பேசப் போன எடத்துல பழைய சம்பந்தத்தப் பத்தி யாராச்சும் பேசுவாகளா? வெள்ளை மாத்திரைன்னு சொன்னா, அப்ப அங்கேயே போயிருக்க வேண்டியதுதானன்னு நெனப்பாரு. டாக்டர் மனசும் மனசுதான. அதுக்காக வெள்ளைய விட்டுரவும் முடியல. இத்தன வருஷம் காப்பாத்தின மாத்திரை, அதுக்கொரு நன்றி வேண்டாமா? அதனால சங்கு ஊதினதும் ஒரு வெள்ளை, ஒரு பச்சை. வெள்ளை நிதானம், பச்சை வேகம். ரெண்டும் சேந்தா சுகர் எங்க ஓடி ஒளியும்?

ஓடித்தான் போச்சு. ஆவணியில டெஸ்ட் எடுத்தா, எப்பவும் இருநூறு முந்நூறு இருக்க மனுசனுக்கு எழுபது. நான் தெரு பூரா சொல்லிட்டு வந்தேன். அங்கதான் தப்புப் பண்ணிட்டேன், கண்ணு பட்டுருச்சு. பதினோரு மணியானா அவுகளுக்குக் கை நடுங்கும். சட்டை நனைய வேர்க்கும். தல கிறுகிறுங்குதுன்னு சுவரப் புடிப்பாக. ஷேவிங் பண்ணினா தாடையில மூணு எடத்துல ரத்தம். ஒரு நாள் டிவியில மழைச் செய்தி வாசிக்கான், இவுக விழுந்து விழுந்து சிரிக்காக. நான் உப்பு மொளகா சுத்திப் போட்டேன். எலுமிச்சம்பழம் அறுத்தேன். அடுப்புல மொளகா போட்டா நெடியே வரல, அவ்வளவு கண்ணு.

இப்ப எங்க மதினி கதைக்கு வரணும். அவுக இல்லாம இந்தக் கதை நடக்காது. மதினின்னா எங்க வீட்டுக்காரரோட கூடப் பொறந்த அக்கா, ஆவுடை. கரிவலத்துல இருக்காக, இந்த பஸ் அந்த வழிதான் போகும். தாயில்லாப் பிள்ளைன்னு எங்க வீட்டுக்காரர மதினிதான் சோறூட்டி வளத்தாக. அதெல்லாம் சரி. ஆனா மதினி மக கல்யாணத்துல என்ன பண்ணினாக தெரியுமா? மேடையில ஃபோட்டோ எடுக்கையில தாய்மாமனக் கூப்பிடல. தாய்மாமன் இல்லாம ஃபோட்டோ எடுத்து முடிச்சுட்டாக. அந்த நேரம் இவுக பந்தியில சாம்பார் வாளிய வச்சுக்கிட்டுப் பரிமாறிக்கிட்டு இருந்தாக, அது வேற விஷயம். தேடிக் கூப்பிட்டிருக்கணுமா இல்லையா?

நான் ஒரு வார்த்தை சண்டை போடல. எனக்கு அந்தப் பழக்கமே கெடையாது. மேடையில ஏறி மைக்குக்காரன்கிட்ட மைக்க வாங்கி, "தாய்மாமன் இல்லாத கல்யாணத்துக்கு நாங்க எதுக்கு"ன்னு கேட்டேன், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து இவுககிட்ட, இனி அந்த வீட்டு வாசப்படிய நீங்க மிதிச்சா என்ன மறந்துருங்க, நானும் செத்தாலும் மிதிக்க மாட்டேன்னு மட்டும் சொன்னேன். இவுகளா ஒம்பது வருஷம் போகாம இருந்துட்டாக. ஆம்பளைங்களுக்கு அப்படி ஒரு வைராக்கியம்.

சரி, போன வருஷம் புரட்டாசி அமாவாசை. அத நெனச்சா இப்பவும் எனக்கு மேலு சிலுக்குது, இந்தா பாரு கைய.

திருப்பூர்லேருந்து மகன் குமரேசன் வந்திருந்தான். எட்டு மணிக்குச் சங்கு, மாத்திரை ரெண்டும் குடுத்தாச்சு. அன்னைக்கு இட்லி கெடையாது. செத்தவுகளுக்குப் படையல் போட்டு, காக்கா வந்து எடுத்தப்புறம்தான் வீட்டு ஆம்பளை வாயில தண்ணி படணும். நீ என்ன கேக்க வாரேன்னு தெரியுது. டாக்டர் என்ன சொன்னாரு? சாப்பாட்டுக்கு முன்னாடி. சாப்பாடு பன்னெண்டுக்கு வந்தா என்ன, ரெண்டுக்கு வந்தா என்ன, எட்டு மணி அதுக்கு முன்னாடிதான? கணக்குப் பண்ணிப் பாரு, நான் சொன்னது சரியா இருக்கும்.

வாழைக்காய், அவரைக்காய், பூசணிக் கூட்டு, உளுந்த வடை, பாசிப்பருப்புப் பாயசம். பதினொண்ணரைக்கு எல வச்சு மொட்டை மாடிக்கு ஏறியாச்சு. கா, கான்னு கூப்பிடுதோம். காக்கா வந்தாத்தான? ஊரே அன்னைக்குச் சோறு வைக்குது, அதுக்கு இருக்கது ஒரு வயிறு. எங்க மாடியில ஒண்ணு வந்து உக்காந்து, வடைய ஒரு பார்வை பாத்துட்டு, எதிர்த்த மாடி பேச்சியக்கா வீட்டுக்குப் போயிருச்சு. அவ வடையில உப்பே இருக்காது. எனக்கு எப்படி இருக்கும் சொல்லு.

இவுக முதல்ல நல்லாத்தான் கூப்பிட்டாக. அப்புறம் தண்ணித் தொட்டியில சாஞ்சு உக்காந்தாக. வேட்டி நனையுத அளவுக்கு வேர்வை. உதடு வெளுத்துப் போச்சு. திடீர்னு சிரிக்காக. பறந்து போற காக்காயப் பாத்து, "அண்ணாச்சி, ஷிப்டு முடிஞ்சிருச்சா?"ங்காக. குமரேசன் அப்பா அப்பாங்கான், இவுக அவன யாரு தம்பி நீங்காக. அப்புறம் தல தொங்கி, நாக்குக் கொழறி, ஒரு குரல். அவுக குரலே இல்ல அது.

"ஆவுடை எங்க? ஆவுடையக் கூப்பிடு. பசிக்குது."

எனக்கு உச்சந்தலை சில்லுன்னு ஆயிருச்சு. ஏன்னா எங்க வீட்டுக்காரரு பொறந்ததுலேருந்து அக்கான்னுதான் சொல்லுவாக, பேர் சொன்னதே கெடையாது. ஆவுடைன்னு கூப்பிடுதது எங்க மாமனார் ஒருத்தருதான். எதிர்த்த மாடியிலேருந்து பேச்சியக்கா கத்துதா, "ஏ செண்பகம், உன் மாமனார்லா எறங்கியிருக்காரு, கற்பூரத்தக் கொளுத்து." கொளுத்தினேன். மாமா, என்ன கொறை வச்சோம்னு கேட்டேன். பசிக்குதுன்னாக. வேற என்ன கொறைன்னேன். பசிக்குது. பேச்சியக்கா அங்கேருந்தே, என் மகனுக்கு வேலை வருமான்னு கேட்டா. வரும்னாக. இன்னும் வரல, அது வேற விஷயம்.

மாமா வந்து நிக்கையில மறுக்க முடியுமா? ஒம்பது வருஷ வைராக்கியத்த அந்த ஒரு நிமிசத்துல விட்டேன். அத்தைக்குப் ஃபோன் போடுன்னு குமரேசன்கிட்டச் சொன்னேன். மதினி ஒரு ஆட்டோவப் புடிச்சு, அரை மணி நேரத்துல வந்து நின்னாக. ரெண்டு முட்டியும் தேஞ்ச பொம்பளை, அந்த மாடிப்படிய எப்படி ஏறினாகன்னே தெரியல.

வந்ததும் மாமாவக் கும்பிடுவாகன்னு பாத்தா, குனிஞ்சு இவுக கழுத்துல கைய வச்சுப் பாத்தாக. மாத்திரை எப்பப் போட்டான்னு கேட்டாக. எட்டு மணிக்கு, டாண்ணு குடுத்துட்டேன் மதினின்னேன். சாப்பிட்டானான்னாக. காக்கா இன்னும் எடுக்கலியேன்னேன். அவ்வளவுதான். படையல் எலையில இருந்த பாயசத்த அப்படியே டம்ளரோட எடுத்து இவுக வாயில வைக்காக. காக்கா தொடாத படையல்! ஐயோ மதினி, தோசம்னு நான் கையப் புடிச்சேன். என் கையத் தட்டிவிட்டுச் சொன்னாக பாரு ஒரு வார்த்தை.

"காக்காவுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன்."

கொஞ்சம் கொஞ்சமா டம்ளர் பூராவும் உள்ள போச்சு. மதினி இன்னொரு டம்ளர் கேட்டாக. பத்து நிமிசம், கால் மணி நேரம். இவுக கண்ணு தெளிஞ்சுது. மதினியப் பாத்து, "அக்கா, நீ எப்பக்கா வந்தே"ன்னு கேட்டு, அந்த மடியில தலைய வச்சு அழுதாக பாரு, அறுபத்திரெண்டு வயசு மனுசன். மதினியும் அழுதாக. எனக்கும் கண்ணுல தண்ணி. கற்பூரப் புகை.

எங்க மாமாவுக்குப் பாயசம்னா உசுரு. குடிச்சுட்டு மலையேறிட்டாரு. அப்புறம் மதினி என்ன பண்ணினாக, கேளு. அடுக்களைக்கு வந்து, தம்பி மாத்திரையக் காட்டுன்னாக. காட்டினேன். கண்ணாடியப் போட்டு வெள்ளை அட்டையையும் பச்சை அட்டையையும் திருப்பித் திருப்பிப் பாத்தாக. என்னைய ஒரு பார்வை பாத்தாக. குமரேசன் வேற நிக்கான். என்னவோ சொல்ல வந்தவுக வாய மூடிக்கிட்டாக. அப்புறம், "செண்பகம், இந்த வெள்ளைய எனக்குத் தா. எனக்கும் சுகர்தான, எங்க ஊர்ல வரிசையில நிக்க முட்டி தாங்கல. தம்பிக்குப் பச்சை போதும்"னாக.

பாத்தியா? ஒம்பது வருஷம் கழிச்சு வீட்டுக்கு வந்தவுக வெறுங்கையோட போக மனசு வரல. சரி, போகட்டும்னு குடுத்தேன். அதோட விட்டாகளா? ஒரு வருஷமா, ஆஸ்பத்திரியில நான் வெள்ளை வாங்கின மறுநாள் காலையில டாண்ணு வந்து நிக்காக. அட்டைய எண்ணி எடுக்காக. ஒரு மாத்திரை கொறஞ்சாலும் எங்கன்னு கேக்காக. நான் காப்பி குடுப்பேன், முக்கா டம்ளர். தம்பிகூட ஒரு மணி நேரம் பேசிச் சிரிச்சுட்டுப் போவாக. இதுல கொடுமை என்னன்னா, அத அவுக திங்கக்கூட இல்ல. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சாக்கடையில பிச்சுப் பிச்சுப் போட்டத பேச்சியக்கா தன் கண்ணால பாத்திருக்கா. எப்படி இருக்கு? தனக்கும் வேண்டாம், தம்பிக்கும் கெடைக்கக் கூடாது. இப்படியும் ஒரு பொறாமை உண்டா? எங்க வீட்டுக்காரரோட தல கிறுகிறுப்பு என்னமோ அன்னைக்கோட நின்னுருச்சு. மாமா வந்து போனதுல கண்ணு கழிஞ்சிருச்சு, அத நான் ஒத்துக்கிடுதேன்.

ஆனா பத்து நாளா மறுபடியும் கால் விரல் மதமதங்குதாம். எனக்குத் தூக்கம் போச்சு. இன்னைக்கு டாக்டர்கிட்டச் சொன்னா, பச்சையே போதும், நடக்கச் சொல்லுங்காரு. எனக்கு மனசு ஆறல. அதான் நான் ஒரு வேலை பண்ணினேன். இந்த மாசம் ஆஸ்பத்திரியில வெள்ளை வரலைன்னு மதினிகிட்டப் பொய் சொல்லிட்டேன். வீட்டுல வச்சா மதினி கண்ணுல பட்டுரும்னு கையோட கொண்டு வந்துட்டேன், இந்தா, இந்தப் பையோட அடியில, அஞ்சு அட்டை. நாளைக்குச் சங்கு ஊதினதும் ரெண்டும் குடுக்கப் போறேன். அமாவாசையும் அதுவுமா மாமாவும் வந்தா, குமரேசனுக்கு எப்பப் புள்ள பொறக்கும்னு ஒரு கேள்வி பாக்கி இருக்கு.

நீ கண்ணாடி போட்டிருக்கியே, ஒரு உதவி செய். பொடி எழுத்து எனக்குத் தெரியாது. இது எந்த மாசம் வரைக்கும் ஆகும்னு பாத்துச் சொல்லு. பச்சையையும் பாரு.

என்ன? தேதி சரியா இருக்கா? அப்புறம் என்ன, ஏன் ரெண்டையும் மாத்தி மாத்திப் பாக்கே?

ஒரே மாத்திரையா? போம்மா, வெளையாடாத. இது வெள்ளை, அது பச்சை. இது உருண்டை, அது நீளம். இது சும்மா வருது, அது காசு. கம்பெனி பேருதான் வேற, மருந்து பேரு ஒண்ணா? எங்க, காட்டு. இந்த வரியா? இரு, விரல வச்சுப் பாக்கேன். கொக்கி. குச்சி. குச்சி மேல புள்ளி. இங்கேயும் கொக்கி, குச்சி, புள்ளி. கடைசி வரைக்கும்...

ஒண்ணாத்தான் இருக்கு.

அப்ப ஆடியிலேருந்து புரட்டாசி வரைக்கும் நான் குடுத்தது ரெண்டு மடங்கா? அந்த வேர்வை, அந்தக் கை நடுக்கம்? அன்னைக்குப் பசிக்குது பசிக்குதுன்னு சொன்னது மாமா இல்லையா? அவுகளா? எம்புட்டு நேரம் கேட்டாக. நான் கற்பூரம் காட்டிக்கிட்டு நின்னேன். சட்டி நெறைய சோத்த வச்சுக்கிட்டு, பசிக்குதுன்னு கேக்க மனுசனுக்குக் கற்பூரம் காட்டியிருக்கேன். மதினி வரலேன்னா அவுக அந்த மாடியிலேயே போயிருப்பாக. நானே கொன்னிருப்பேன், டாண்ணு எட்டு மணிக்கு.

இல்லம்மா, அழல. தண்ணி வேண்டாம். நீ வச்சுக்கோ.

மதினிக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு, பாரு. மகன் முன்னாடி சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனா? தோசைச் சட்டுவத்த எடுத்திருப்பேன். இன்னொரு ஒம்பது வருஷம் ஆயிருக்கும். அது தெரிஞ்சுதான், தேஞ்ச முட்டிய வச்சுக்கிட்டு மாசாமாசம் வந்து, எண்ணி எண்ணி எடுத்துட்டுப் போயிருக்காக. என் கௌரவமும் போகக் கூடாது, தம்பி உசுரும் போகக் கூடாது. அதுக்கு நான் முக்கா டம்ளர் காப்பி குடுத்திருக்கேன். அதுலயும் சக்கரை இல்லாம.

நீ சொல்லுதது சரிதான், அடுத்த தடவ ரெண்டு அட்டையையும் டாக்டர் மேசையில வச்சிருவேன். பழைய சம்பந்தத்தையும் சேத்தே சொல்லிருவேன்.

அது என்ன ஊரு, கரிவலம் வந்துருச்சா? ஏ கண்டக்டர் தம்பி, நிப்பாட்டுப்பா, ஆள் எறங்கணும். சங்கரன்கோயிலுக்குத்தான் டிக்கெட்டு எடுத்தேன், அதனால என்ன, எறங்கக் கூடாதுன்னு சட்டமா? தள்ளிக்கோம்மா. செத்தாலும் மிதிக்க மாட்டேன்னு சொன்ன வாசப்படி இங்கதான் ரெண்டாவது தெருவுல இருக்கு. இந்த அஞ்சு அட்டையையும் மதினி கையில நானே குடுக்கணும். சாக்கடையில போடணும்னா ரெண்டு பேருமாச் சேந்து போட்டுட்டு வாரோம். கையோட அவுகள நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டும் போயிரணும்.

ஆனா ஒண்ணு கேக்கேன், படிச்ச பிள்ள நீ சொல்லு. மாத்திரை தலையச் சுத்த வைக்கும், வேர்க்க வைக்கும். ஆவுடைன்னு பேர் சொல்லிக் கூப்பிட வைக்குமா? அது மட்டும் எங்க மாமாதான். நீ என்ன சொன்னாலும் கேக்க மாட்டேன்.

எறங்குதேன்பா, விசில் அடிக்காத. நாளைக்கா? நாளைக்குக் காக்கா வரட்டும், வராமப் போகட்டும். எங்க வீட்டுக்காரருக்கு எட்டரைக்குச் சோறு.